ஐந்து நிமிடக் கோப்புக்கு ஏழு நிமிடம்: ஃப்ளோ ஸ்கிரிப்ட்டின் வேகம் குறித்து வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, பழைய வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து, ஏறத்தாழ ஒரே பொருளைக் கேட்டு எழுதப்பட்டவை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: குடியாத்தத்தில் ஆறாயிரம் வீடுகளுக்குக் கேபிள் வழியாக இணைய இணைப்புத் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் நெட்வொர்க் பொறுப்பைப் பார்த்துவருகிறேன். எங்கள் ரவுட்டர் அனுப்பும் நெட்ஃப்ளோ பதிவுகளை (ஃப்ளோ எனப்படும் ஒவ்வொரு தரவு ஓட்டமும் எந்த முகவரியிலிருந்து எதற்கு, எவ்வளவு என்ற குறிப்புகளை) என்எஃப்டம்ப் தொகுப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பாகச் சேமிக்கிறது. எந்தத் தெருவில் எவ்வளவு பயன்பாடு, எந்த வெளி முகவரிகளோடு போக்குவரத்து அதிகம் என்று கணக்கிட நானே பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மாலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை ஒவ்வொரு கோப்பிலும் சுமார் 12 லட்சம் பதிவுகள் இருக்கின்றன. ஒரு கோப்பை முடிக்க ஏழு நிமிடம் ஆகிறது. வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று கோப்புகள் தேங்கி, மறுநாள் மதியம்தான் கணக்கு முடிந்தது. விலை கூடிய சர்வர் வாங்குவதைத் தவிர வேறு வழி உண்டா? ஸ்கிரிப்ட்டையும் அதன் ப்ரொஃபைல் முடிவையும் (எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் என்ற அளவீட்டையும்) இணைத்துள்ளேன். — ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: சர்வர் வாங்க வேண்டாம். ப்ரொஃபைல் எடுத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி; அது இல்லாமல் வரும் கேள்விகளுக்கு ஊகத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் தேக்கத்தின் கணக்கு எளிது. மணிக்கு 12 கோப்புகள் வருகின்றன. கோப்புக்கு ஏழு நிமிடம் என்றால் அவற்றை முடிக்க 84 நிமிடம் வேண்டும். மணிக்கு 24 நிமிடம் பின்தங்கி, ஐந்து மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் பின்தங்குகிறீர்கள். இரவு பதினொரு மணிக் கோப்பின் விடை ஒரு மணிக்குத்தான் கிடைக்கும். சாதாரண நாளில் நள்ளிரவுக்குப் பிறகு பதிவுகள் குறைவதால் ஸ்கிரிப்ட் ஒருவாறு எட்டிப் பிடித்துவிடுகிறது. சிரசு அன்று இரவு முழுவதும் ஊர் விழித்திருந்ததால் எட்டிப் பிடிக்க இடைவெளியே கிடைக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய ப்ரொஃபைலில், 420 விநாடிகளில் சுமார் 190 விநாடிகள் டிஎன்எஸ் பெயர் தேடலிலும் (ஐபி முகவரிக்குரிய பெயரைக் கேட்பதிலும்), சுமார் 150 விநாடிகள் ஒரு முகவரி எந்தத் தெருவின் சப்நெட்டில் (முகவரித் தொகுதியில்) இருக்கிறது என்று பார்ப்பதிலும், 25 விநாடிகள் தேதியைப் படிப்பதிலும் போகின்றன. கோப்பைப் படிப்பது, கூட்டுவது, எழுதுவது ஆகிய மூன்றும் சேர்ந்து மீதியுள்ள 55 விநாடிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. பைத்தானோடு வரும் சிப்ரொஃபைல், சிறு சிறு ஃபங்ஷன்களை அதிக முறை அழைக்கும் இடங்களின் நேரத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை நம்பலாம், விநாடிகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பெயர் தேடலை முதலில் எடுத்துக்கொள்வோம். உங்கள் ஸ்கிரிப்ட் வெளி முகவரிகளில் அதிகம் பயன்பட்ட ஐம்பதுக்கும் லூப்புக்குள்ளேயே பெயர் கேட்கிறது. பெயர் இல்லாத முகவரிக்கு ‘இல்லை’ என்ற பதில் உடனே வந்துவிட்டால் கவலையில்லை. பதிலே வராத முகவரிகள்தாம் தொல்லை தருபவை. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் ஒரு கேள்விக்கு ஐந்து விநாடி காத்திருந்து, மறுபடியும் ஒருமுறை கேட்கும். ஒரே டிஎன்எஸ் சர்வர் இருந்தால், பதில் வராத ஒரு முகவரிக்குப் பத்து விநாடி போய்விடும். அப்படிப் பத்தொன்பது முகவரிகள் இருந்தால் உங்கள் 190 விநாடிகளும் தீர்ந்தன. இந்த நேரம் முழுவதும் உங்கள் ப்ராசஸர் சும்மா இருக்கிறது. இரண்டு மடங்கு வேகமுள்ள சர்வரும் அதே பத்து விநாடிதான் காத்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் நான் பணிபுரிந்த ஓரிடத்தில் இதே அறிகுறியைக் கண்டு, டிஸ்க்தான் மெதுவாக இருக்கிறது என்று நம்பி, புது டிஸ்க் வாங்கச் சொல்லி மாற்றிய மறுநாளும் ஸ்கிரிப்ட் அதே நேரமே எடுத்தது. கைவிடப்பட்ட ஒரு டிஎன்எஸ் சர்வரின் முகவரி அமைப்புக் கோப்பில் முதல் வரியாகவே இருந்தது. அன்றிலிருந்து அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை.

பெயர் என்பது மனிதர் படிப்பதற்கான அலங்காரம். கூட்டலுக்கு அது தேவையில்லை. கணக்கு முடிந்து அறிக்கை தயாரான பின், தனி ஸ்கிரிப்ட் ஒன்று அறிக்கையில் உள்ள இருபது முகவரிகளுக்கு மட்டும் பெயர் கேட்கட்டும். கிடைத்த பெயரையும், கிடைக்கவில்லை என்ற முடிவையும் ஒரு கோப்பில் ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டும். ‘கிடைக்கவில்லை’ என்பதைச் சேமிக்க மறந்தால், வராத பதிலுக்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி காத்திருப்பீர்கள்.

அடுத்தது சப்நெட் தேடல். உங்களிடம் 180 சப்நெட்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு முகவரியையும் பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொன்றாக ‘இதில் இருக்கிறாயா’ என்று கேட்கிறீர்கள். வெளி முகவரிக்கு 180 முறையும் இல்லை என்றே விடை வரும். தபால் பிரிப்பவர் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைவதில்லை. பின்கோடு 632 என்று தொடங்கினாலே கடிதம் வேலூர்ப் பக்கம் என்று தெரிந்து, மற்ற இலக்கங்களைப் பிறகு பார்க்கிறார். ஐபி முகவரியும் அதே இயல்புடையது.

இதை எண்ணாக்கிப் பாருங்கள். உங்கள் சந்தாதாரர் ஒருவரின் முகவரி 100.64.18.7 என்பது 32 பிட் எண்ணாக 1681920519. அவர் தெருவின் சப்நெட் 1681920512-இல் தொடங்கி 1681920767-இல் முடிகிறது. 180 சப்நெட்டுகளின் தொடக்க எண்களை ஏறுவரிசையில் ஒருமுறை அடுக்கிவைத்துவிட்டு, பைத்தானின் பைசெக்ட் மாட்யூலால் இருகூறுத் தேடல் செய்தால், அதிகபட்சம் எட்டு ஒப்பீடுகளில் இடம் தெரியும். பிறகு முடிவு எண்ணைத் தாண்டியிருக்கிறதா என்று ஒரே ஒரு சோதனை. ஒரு சப்நெட்டுக்குள் இன்னொரு சிறிய சப்நெட் இருக்குமானால் அவற்றை முன்கூட்டியே ஒன்றோடொன்று மேவாத துண்டுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், அல்லது பைட்ரிஷியா போன்ற மரவடிவ நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும். மேவல் இல்லாத உங்கள் பட்டியலுக்குப் பைசெக்ட் போதும்.

இதைவிடவும் பெரிய சேமிப்பு ஒன்று இருக்கிறது. 12 லட்சம் பதிவுகளிலும் உங்கள் பக்கத்து முகவரிகள் ஆறாயிரத்தைத் தாண்டப் போவதில்லை. அதாவது ஒரே முகவரிக்கு ஒரே விடையைச் சராசரியாக இருநூறு முறை கண்டுபிடிக்கிறீர்கள். முகவரிச் சரத்தைச் சாவியாகவும் தெருவின் பெயரை மதிப்பாகவும் கொண்ட ஒரு டிக்‌ஷனரி வைத்து, அதில் இல்லாதபோது மட்டும் எண்ணாக்கித் தேடுங்கள். முகவரியை ஐபிஅட்ரஸ் மாட்யூலின் பொருளாக மாற்றும் வேலையும் இதனால் பெரும்பாலும் மறைந்துவிடும்; அந்த மாட்யூல் சரிபார்ப்பில் கண்டிப்பானது, ஆகவே லட்சக்கணக்கில் அழைப்பதற்கு உகந்ததன்று. ஓர் எச்சரிக்கை: வெளி முகவரிகளுக்கான டிக்‌ஷனரிக்கு அளவு வரம்பு வையுங்கள். யாரேனும் போலி மூல முகவரிகளால் உங்கள் இணைப்பைத் தாக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் புது முகவரி வரும்; கணக்கு மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் ரேம் நிரம்பி ஸ்கிரிப்ட் விழக்கூடாது.

தேதியைப் பற்றிச் சுருக்கமாக. 2025-06-03 21:47:13 என்ற சரத்தை ஸ்ட்ரிப்டைம் கொண்டு பிரித்து, அதிலிருந்து நிமிடத்தை எடுத்து, திரும்பவும் சரமாக்குகிறீர்கள். முதல் 16 எழுத்துகளை வெட்டினாலே 2025-06-03 21:47 கிடைத்துவிடுகிறது. ஐந்து நிமிடப் பெட்டி வேண்டுமென்றால், என்எஃப்டம்பின் அண்மைப் பதிப்புகளில் நேரத்தை 1970 முதலான விநாடிகளாகவே எழுதச் சொல்லி, 300-ஆல் முழு எண் வகுத்தல் செய்துகொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் ஸ்கிரிப்ட்டைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்விக்கு வருகிறேன். அந்த 12 லட்சம் வரிகள் பைத்தானுக்கு ஏன் வர வேண்டும்? நீங்கள் எல்லாவற்றையும் சிஎஸ்வியாக (காற்புள்ளியிட்டுப் பிரித்த உரையாக) கொட்டச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுகிறீர்கள். என்எஃப்டம்ப் சி மொழியில் எழுதப்பட்டது. தன் இரும வடிவக் கோப்பைத் தானே படித்து, வடிகட்டி, முகவரிவாரியாகத் திரட்டித் தரும் விருப்பத்தேர்வு அதில் இருக்கிறது. உள் முகவரிவாரியாகத் திரட்டச் சொன்னால் உங்கள் கைக்கு வருவது அதிகபட்சம் ஆறாயிரம் வரிகள். வெளி முகவரிகளில் முதல் இருபது வேண்டுமென்றால் அதன் புள்ளிவிவர விருப்பத்தேர்வே வரிசைப்படுத்தித் தந்துவிடும். எண்ணைச் சரமாக்கி எழுதுவது, அதே சரத்தை மறுபடி எண்ணாகப் படிப்பது ஆகிய இரண்டு வீண் வேலைகளும் ஒரேயடியாக நின்றுபோகும். ஆறாயிரம் வரிகளைத் தெருவாரியாகப் பிரிக்க உங்கள் பழைய லூப்பே சில விநாடிகளில் போதும். எனினும் திரட்டாமல் பதிவு பதிவாகப் பார்க்க வேண்டிய நாள் வரும், ஆகவே மேற்சொன்ன திருத்தங்களையும் செய்துவையுங்கள்.

எந்தத் திருத்தத்துக்கும் முன் ஒரு மாலை நேரக் கோப்பைத் தனியே எடுத்துவைத்து, பழைய ஸ்கிரிப்ட் தந்த மொத்த பைட்டுகளையும் தெருவாரி எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே கோப்பில் அதே எண்கள் வர வேண்டும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தொடங்கும் க்ரானிலிருந்து ஓடும் ஸ்கிரிப்ட்டை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓடவிடும் எஃப்லாக் கட்டளையின் வழியாகத் தொடங்குவதும் அவசியம். முந்தையது முடியும் முன் அடுத்தது தொடங்கி, இரண்டும் ரேமுக்குப் போட்டியிட்டு, மூன்றாவதும் வந்து சேர்ந்தால், ஏழு நிமிடம் இருபது நிமிடமாகும்.

கேள்வி: காட்பாடியில் ஆராய்ச்சி மாணவி நான். ஒரு மாதத்து ஃப்ளோ கோப்புகளில், ஒவ்வொரு நாளும் எத்தனை வெவ்வேறு முகவரிகள் தோன்றின என்றும் மொத்தப் போக்குவரத்து எவ்வளவு என்றும் கணக்கிட வேண்டும். ஆய்வகக் கணினியில் 16 கோர்கள் இருந்தும் ஒன்றுதான் உழைக்கிறது. த்ரெட்டுகளாகப் பிரித்தேன், நேரம் குறையவில்லை, சற்றுக் கூடிவிட்டது. ஏன்? — ஒரு வாசகி, காட்பாடி

பதில்: வழக்கமான பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கட்டளைகளை நிறைவேற்ற முடியும், அதற்கான பூட்டை ஜிஐஎல் என்பார்கள். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் இந்தப் பூட்டில்லாத வடிவம் சோதனை முயற்சியாகத் தரப்பட்டது. ஆய்வேட்டுக் கணக்கை அதன்மேல் வைக்க நான் சொல்லமாட்டேன். டிஎன்எஸ் பதிலுக்கோ டிஸ்க்குக்கோ காத்திருக்கும் வேலைக்குத் த்ரெட் உதவும். கூட்டலுக்கும் சரம் பிரிப்பதற்கும் உதவாது. நீங்கள் தனித்தனி ப்ராசஸ்களாகப் பிரிக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று நாளுக்கு 288 கோப்புகள் ஏற்கெனவே பிரிந்தே கிடக்கின்றன. ஒரு ப்ராசஸுக்குக் கோப்பின் பெயரை மட்டும் கொடுங்கள்; அது தானே திறந்து, படித்து, கூட்டி, சிறிய விடையைத் திருப்பித் தரட்டும். தாய் ப்ராசஸ் கோப்பைப் படித்து வரிகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டால், அந்த வரிகளை மூட்டை கட்டி அனுப்புவதிலும் அவிழ்ப்பதிலுமே நேரம் போய்விடும். 16 கோர் இருப்பதால் 16 மடங்கு வேகம் என்று எதிர்பார்க்காதீர்கள். கோப்புகள் சுழலும் டிஸ்க்கில் இருந்தால் நான்கைந்து ப்ராசஸ்களிலேயே டிஸ்க் திணறும். இரண்டு, நான்கு, எட்டு என்று கூட்டி அளந்து, நேரம் குறைவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

உங்கள் கேள்வியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் விட்டால் விடை வேகமாக வரும், ஆனால் தவறாக வரும். பைட்டுகளை 288 கோப்புகளிலும் தனித்தனியே கூட்டிக் கடைசியில் ஒன்றாகக் கூட்டலாம். வெவ்வேறு முகவரிகளின் எண்ணிக்கையை அப்படிக் கூட்ட முடியாது. காலை ஒன்பது மணிக் கோப்பில் இருந்த மாணவரின் மடிக்கணினி ஒன்பதேகால் கோப்பிலும் இருக்கும், இருமுறை எண்ணப்படும். ஒவ்வொரு ப்ராசஸும் முகவரிகளின் கணத்தை (செட்) திருப்பித் தந்து, தாய் ப்ராசஸ் அவற்றின் சேர்ப்பைக் காண வேண்டும். முகவரிகளைச் சரமாக அல்லாமல் முழு எண்ணாக வைத்தால் ரேம் கணிசமாக மிஞ்சும். கணங்கள் அப்படியும் அடங்காமல் போனால், ஹைப்பர்லாக்லாக் என்ற தோராய முறை சில கிலோபைட்டுகளில் ஓரிரு சதவீதப் பிழையோடு எண்ணித் தரும். அதன் சிறப்பு, இரண்டு கோப்புகளின் விடைகளை ஒன்றாகச் சேர்க்கலாம் என்பது. பிழை அளவை ஆய்வேட்டில் குறிப்பிட்டுவிடுங்கள்.

ஒரு மாதக் கோப்புகளைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்பதால், ஒருமுறை பார்க்கே வடிவத்துக்கு மாற்றிவைப்பது நல்லது. அது பத்திபத்தியாகச் சேமிக்கும். பைட்டுகளை மட்டும் கூட்டும்போது போர்ட் எண்களையும் நேரத்தையும் டிஸ்க்கிலிருந்து படிக்கவே வேண்டியதில்லை. டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் அதை நேரடியாகப் படித்து, எல்லாக் கோர்களையும் தானே பயன்படுத்தும்.

கேள்வி: இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலக நெட்வொர்க்கைக் கவனிக்கிறேன். பைத்தான் தெரியாது. ஃப்ளோ பதிவுகளை உரைக் கோப்பாக்கி, ஆக் (awk) என்ற உரைக் கருவியைக் கொண்டு முகவரியைப் பிரித்து, சார்ட், யூனிக் கட்டளைகளால் எண்ணுகிறேன். நாள் முழுவதற்கும் முக்கால் மணி நேரம் ஆகிறது. — ஒரு வாசகர், இராணிப்பேட்டை

பதில்: பைத்தான் கற்க வேண்டியதில்லை. நீங்கள் எண்ணுவதற்காக வரிசைப்படுத்துகிறீர்கள். எண்ண வரிசை தேவையில்லை. முகவரியைச் சாவியாகக் கொண்ட ஆக் அணியில் ஒவ்வொரு வரிக்கும் ஒன்றைக் கூட்டி, கோப்பு முடிந்ததும் அணியை அச்சிட்டு, அந்தச் சில ஆயிரம் வரிகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள். சார்ட் கட்டாயம் தேவைப்படும் இடங்களில் எல்சி_ஆல் என்ற சூழல் மாறிக்கு சி என்ற மதிப்பைக் கொடுங்கள். மொழி விதிப்படி ஒப்பிடாமல் பைட்டுகளை அப்படியே ஒப்பிடுவதால் வேகம் நன்றாகக் கூடும். ஆக்கின் இன்னொரு வடிவமான எம்ஆக்கை நிறுவி ஓட்டிப் பாருங்கள். இத்தகைய எளிய வேலைகளில் அது பெரும்பாலும் ஜிஆக்கை முந்தும். பதிவுகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் பைட்டுகளையும் கூட்டுங்கள். ஒரு பதிவு என்பது 60 பைட்டாகவும் இருக்கலாம், ஒரு ஜிகாபைட்டாகவும் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் ஃப்ளோ ஸ்கிரிப்ட்டை வேகப்படுத்தி, ஒவ்வொரு ஐந்து நிமிடமும் வரைபடம் வரும்படி செய்துவிட்டேன். ஆனால் இப்போது வரைபடத்தில் இணைப்பின் கொள்ளளவையே மிஞ்சும் உச்சங்கள் தெரிகின்றன. ரவுட்டர் தன் இடைமுகத்தில் எண்ணித் தரும் எஸ்என்எம்பி எண்ணோடு பொருந்தவில்லை. இட நெருக்கடி காரணமாகப் பழைய கோப்புகளை வாரந்தோறும் அழிக்கலாமா என்றும் யோசிக்கிறேன். — ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: வேகப்படுத்தியதில் பிழை நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம், முன்பு நாள் கணக்கில் மறைந்திருந்தது இப்போது ஐந்து நிமிடக் கணக்கில் தெரிகிறது. சிஸ்கோ ரவுட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ளோவைப் பதிவாக எழுதி அனுப்புவதற்கான வழக்கமான கால எல்லை 30 நிமிடம். அரை மணி நேரம் நீளும் ஒரு பதிவிறக்கத்தின் பைட்டுகள் அனைத்தும் அதன் முடிவில் ஒரே பதிவாக வந்து, ஒரே ஐந்து நிமிடப் பெட்டியில் விழுகின்றன. இந்த எல்லையை ஒரு நிமிடமாகக் குறையுங்கள். நீண்ட ஃப்ளோக்கள் பல பதிவுகளாக உடைவதால் பதிவுகள் கூடும், ஸ்கிரிப்ட்டுக்கு வேலையும் கூடும். அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். ரவுட்டரை மாற்ற அனுமதியில்லையென்றால், பதிவின் தொடக்க நேரத்துக்கும் முடிவு நேரத்துக்கும் இடையிலுள்ள பெட்டிகளுக்குப் பைட்டுகளைக் கால விகிதத்தில் பங்கிட்டுக் கொடுங்கள்.

அதன் பிறகும் இரட்டிப்பாகத் தெரிந்தால், ஒரே போக்குவரத்தை உள்வரும் இடைமுகத்திலும் வெளிச்செல்லும் இடைமுகத்திலும் பதிவு செய்கிறீர்களா என்று பாருங்கள். பாக்கெட் சாம்ப்ளிங் (சில பாக்கெட்டுகளை மட்டும் மாதிரியாக எடுத்து எண்ணுவது) இருந்தால் அதன் விகிதத்தால் பெருக்குவது ஒரே ஒருமுறைதான் நடக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. பதிவுகளைப் பெற்றுச் சேமிக்கும் சேகரிப்பானும் பெருக்கி, ஸ்கிரிப்ட்டும் பெருக்குவதை நான் கண்டிருக்கிறேன். நெட்ஃப்ளோவின் 5-ஆம் பதிப்பு ஐபிவி6 போக்குவரத்தை அறியாது. அதற்கு 9-ஆம் பதிப்போ, அதன் வழிவந்த பொதுத் தரமான ஐபிஃபிக்ஸோ வேண்டும். எல்லாம் சரியான பின்னும் எஸ்என்எம்பி எண் சற்று மேலேயே நிற்கும், ஏனெனில் அது ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து எண்ணுகிறது. ஃப்ளோ பதிவு ஐபி பாக்கெட்டின் பைட்டுகளை மட்டுமே எண்ணுகிறது. எஸ்என்எம்பியைவிட ஃப்ளோ மிகவும் குறைந்து, அதுவும் நெரிசல் நேரத்தில் மட்டும் குறைந்தால், தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி வழியாக வரும் பதிவுகள் சர்வரின் பெறும் பஃபர் நிரம்பிச் சிந்துகின்றன என்று பொருள். ஏற்றுமதிப் பாக்கெட்டுகளின் வரிசை எண்ணில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, பஃபரைப் பெரிதாக்குங்கள். கணக்கிடும் ஸ்கிரிப்ட்டுக்குக் குறைந்த முன்னுரிமை கொடுத்து ஓட்டினால் சேகரிப்பானுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கோப்புகளை வாரந்தோறும் அழிக்க வேண்டாம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்கு இந்திய எல்லைக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. உங்கள் நிறுவனம் இணையச் சேவை உரிமம் பெற்றதாக இருந்தால், உரிமத்தின் நிபந்தனையை நிர்வாகத்திடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். இட நெருக்கடிக்குக் கோப்புகளைச் சுருக்கி வைப்பதே வழி. அதில் பிஜிப்2 வேண்டாம்; இடம் மிஞ்சும், ஆனால் திறக்கும்போதெல்லாம் ப்ராசஸரை வாட்டும். அன்றாடம் திறக்கும் கடைசிப் பத்து நாட்களுக்கு எல்இசட்4, அதற்கு முந்தியவற்றுக்கு உங்கள் பதிப்பில் இருந்தால் இசட்ஸ்டாண்டர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்துக்கு வேண்டிய ஐந்து நிமிடக் கூட்டுத்தொகைகளைத் தனியே ஒரு சிறு அட்டவணையில் சேர்த்துவந்தால், பழைய மாதத்தின் வரைபடத்துக்காக மூலக் கோப்புகளைத் திறக்கவே நேராது. அந்த அட்டவணையை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும்போது ஒரு கோப்பின் வரிகள் அனைத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் எழுதுங்கள். வரிக்கொரு பரிவர்த்தனை என்றால், ஒவ்வொரு முறையும் தரவு டிஸ்க்கில் பதிந்தது உறுதியாகும் வரை அது காத்து நிற்கும்.